ஏழு வாரப் போர், 1866: பிரஷ்யா வேகமாக வென்றதும் உடனே நிறுத்தியதும் எப்படி?

1866 ஜூன் 16 அன்று பிரஷ்யப் படைகள் சாக்சனி, ஹனோவர், ஹெஸ்ஸே-காஸல் ஆகிய மூன்று அண்டை நாடுகளுக்குள் நுழைந்தன. ஜூலை 3இல், இன்றைய செக் குடியரசின் ஹ்ராடெட்ஸ் க்ராலோவே நகருக்கு அருகே ஆஸ்திரியாவின் முதன்மைப் படை நொறுங்கியது. அந்த ஊரின் ஜெர்மன் பெயர் கோனிக்கிராட்ஸ். ஜூலை 22 நண்பகலில் சண்டை நின்றது. 26இல் நிக்கோல்ஸ்புர்க் அரண்மனையில் பூர்வாங்க உடன்படிக்கை கையெழுத்தானது. ஐம்பது ஆண்டுகள் ஜெர்மன் மண்ணில் மூத்த அண்ணனாக இருந்த ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்புர்க் பேரரசு, ஒரு கோடைக்காலம் முடிவதற்குள் அங்கிருந்து வெளியேற்றப்பட்டுவிட்டது.

இந்த வேகத்துக்குக் காரணம் கேட்டால் பெரும்பாலோர் பிரஷ்யாவின் பின்வழி நிரப்பும் ஊசித் துப்பாக்கி என்பார்கள். துப்பாக்கிக்குப் பங்கு உண்டு. ஆனால் போர்க்களத்தில் வேகமாக வெல்வது ஒன்று. வென்றபின் போரை அங்கேயே முடித்துக்கொள்வது வேறொன்று. முதலாவது பயிற்சித் திடலிலும் ரயில்வே அட்டவணையிலும் ஆண்டுக்கணக்கில் தயாரான வேலை. இரண்டாவது, ஜூலை கடைசி வாரத்தில் பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க் தன் அரசரோடு மல்லுக்கட்டிப் பெற்றது. இரண்டில் எது இல்லாவிட்டாலும் இந்தப் போர் ஏழு வாரத்தில் முடிந்திருக்காது.

சண்டை எதற்காக

நெப்போலியன் வீழ்ந்த பிறகு 1815இல் உருவான ஜெர்மன் கூட்டமைப்பில் 39 நாடுகளும் சுதந்திர நகரங்களும் இருந்தன. அதன் பேரவை ஃபிராங்ஃபர்ட்டில் கூடும். தலைமை இருக்கை நிரந்தரமாக ஆஸ்திரியாவுக்கு. அரசியல் நிலை இப்படி இருக்க, காசு வேறு திசையில் ஓடிக்கொண்டிருந்தது. 1834இல் பிரஷ்யா தொடங்கிய சுங்க ஒன்றியத்தில் ஆஸ்திரியா இல்லை. 1862இல் பிரான்சுடன் குறைந்த சுங்க வரி ஒப்பந்தம் ஒன்றைப் பிரஷ்யா போட்டது. உள்நாட்டுத் தொழிலை உயர்ந்த வரியால் காத்துவந்த ஆஸ்திரியாவுக்கு அந்த விகிதம் கட்டுப்படியாகாது. எனவே ஒன்றியத்துக்குள் வரும் வாசல் அதற்கு அடைபட்டது. 1866இல் ஆஸ்திரியாவின் பக்கம் நின்று போரிட்ட பவேரியாவும் சாக்சனியும் வூர்ட்டம்பெர்க்கும் சுங்க விஷயத்தில் ஏற்கெனவே பெர்லினின் கூட்டாளிகள்தான்.

தீப்பொறி விழுந்த இடம் வடக்கே இருந்த ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் என்ற இரண்டு சிற்றரசுகள். 1864இல் ஆஸ்திரியாவும் பிரஷ்யாவும் சேர்ந்து டென்மார்க்கைத் தோற்கடித்து இவற்றைப் பிடுங்கின. பங்குபோடுவதில்தான் தகராறு. 1865 ஆகஸ்ட் 14இல் காஸ்டைன் ஒப்பந்தப்படி ஷ்லெஸ்விக் நிர்வாகம் பிரஷ்யாவுக்கு, ஹோல்ஸ்டைன் நிர்வாகம் ஆஸ்திரியாவுக்கு என்று பிரித்தார்கள். வரைபடத்தைப் பார்த்தால் இதன் அபத்தம் தெரியும்: ஹோல்ஸ்டைன் ஆஸ்திரிய எல்லையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி, பிரஷ்யச் செல்வாக்குப் பகுதிக்கு நடுவே கிடக்கிறது. அங்கே ஒரு ஆஸ்திரியப் படையணியை வைத்திருக்க வேண்டுமானால் பிரஷ்யா வழிவிட வேண்டும். சண்டை வேண்டும்போது இழுத்துக்கொள்ள ஒரு கயிறு என்ற அளவில்தான் பிஸ்மார்க்குக்கு அந்த ஒப்பந்தம் பயன்பட்டது.

பெர்லினிலும் அவருக்கு ஒரு நெருக்கடி இருந்தது. 1862 செப்டம்பரில் அவரைப் பிரதமராக்கியதே, ராணுவச் சீரமைப்புக்கு நாடாளுமன்றம் பணம் ஒதுக்க மறுத்ததால்தான். ஆண்டுக்கு 40,000 பேராக இருந்த ஆளெடுப்பை 63,000 ஆக உயர்த்துவது, மூன்றாண்டு சேவையைக் கட்டாயமாக்குவது என்பவை போர் அமைச்சர் ரூனின் திட்டம். தாராளவாதிகள் பெரும்பான்மையாக இருந்த சபை மறுத்தது. பிஸ்மார்க் வரவுசெலவுத் திட்டத்துக்கு ஒப்புதலே இல்லாமல் நான்கு ஆண்டுகள் வரி வசூலித்து ஆட்சி நடத்தினார். போருக்கான பணத்தையும் சபையிடம் போகாமல் தேடிக்கொண்டார்: 1865இல் கொலோன்-மிண்டன் ரயில்வேயை வாங்குவதற்கு அரசுக்கு இருந்த உரிமையை விட்டுக்கொடுத்து அந்தக் கம்பெனியிடமிருந்து 1 கோடியே 30 லட்சம் தாலர் (பிரஷ்ய நாணயம்) பெற்றார். எதிர்த்தரப்பில் ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா கடனில் மூழ்கி, ராணுவச் செலவை ஆண்டுதோறும் வெட்டிக்கொண்டிருந்தது.

மூன்று மாதக் கெடு

1866 ஏப்ரல் 8இல் பிரஷ்யா இத்தாலியுடன் ரகசியக் கூட்டணி செய்துகொண்டது. அதன் ஆயுள் மூன்று மாதம் மட்டுமே. அதற்குள் பிரஷ்யா போர் தொடங்கினால் இத்தாலியும் ஆஸ்திரியாமீது பாயும். பரிசு, ஆஸ்திரியாவின் வசம் இருந்த வெனேஷியா மாகாணம். தொடங்காவிட்டால் ஒப்பந்தம் காலாவதி. அதாவது ஜூலை முதல் வாரத்துக்குள் எப்படியாவது சண்டை மூண்டாக வேண்டும், ஆனால் ஆரம்பித்தது ஆஸ்திரியா என்று உலகம் நம்பவும் வேண்டும்.

இங்கே ஆஸ்திரியாவின் பலவீனம் ஒன்று பிஸ்மார்க்கின் கைக்கு வந்தது: அதன் படைதிரட்டும் முறை. ஹங்கேரி, இத்தாலி, போலந்துப் பகுதி ஆட்கள் தம் சொந்த ஊரில் கலகம் செய்வார்களோ என்ற பயத்தில், ஒரு பகுதியில் எடுத்த ரெஜிமெண்டை வேறொரு மூலையில் நிறுத்திவைப்பது பேரரசின் நெடுநாள் வழக்கம். அமைதிக் காலத்தில் இது பாதுகாப்பு. போர் வந்தால், விடுப்பில் ஊருக்குப் போன ஆள் முதலில் தன் ஊர்ப் பணிமனைக்கு வந்து, உடையும் துப்பாக்கியும் வாங்கி, பின்பு பேரரசின் மறுகோடியில் இருக்கும் தன் ரெஜிமெண்டைத் தேடிப் பயணம் போக வேண்டும். முழுதாகத் திரட்ட ஏழெட்டு வாரம் பிடிக்கும். பிரஷ்யாவிலோ ஒவ்வொரு படைப்பிரிவும் தன் மாவட்டத்திலேயே ஆளெடுத்து அங்கேயே தங்கும்; ஏறக்குறைய பாதிக் காலம் போதும்.

மெதுவாகத் திரட்டுகிறவன் முன்கூட்டியே தொடங்கித்தான் ஆக வேண்டும். இத்தாலிய எல்லையில் பரபரப்பு என்று செய்தி வந்ததும் ஆஸ்திரியா ஏப்ரல் 21இல் தெற்குப் படையையும் 27இல் வடக்குப் படையையும் திரட்ட உத்தரவிட்டது. பிரஷ்யா மே 3 வரை பொறுத்திருந்து, "பாருங்கள், அவர்கள் ஆயுதம் எடுத்துவிட்டார்கள்" என்று சொல்லித் தன் திரட்டலைத் தொடங்கியது. போர் வேண்டாம் என்று தயங்கிய அரசர் முதலாம் வில்ஹெல்மை வழிக்குக் கொண்டுவர பிஸ்மார்க்குக்கு இதைவிட நல்ல சாக்குக் கிடைத்திருக்காது.

ஜூன் 1இல் ஆஸ்திரியா சிற்றரசுகளின் பிரச்சினையை ஃபிராங்ஃபர்ட் பேரவையிடம் ஒப்படைத்தது. ஒப்பந்தத்தை மீறிவிட்டார்கள் என்று பிரஷ்யா ஹோல்ஸ்டைனுக்குள் படை அனுப்பியது. ஜூன் 14இல் பேரவை 9க்கு 6 என்ற வாக்கில் பிரஷ்யாவுக்கு எதிராகக் கூட்டமைப்புப் படையைத் திரட்டத் தீர்மானித்தது. கூட்டமைப்பே செத்துவிட்டது என்று அறிவித்துவிட்டுப் பிரஷ்யத் தூதர் வெளிநடப்புச் செய்தார்.

இரண்டு நாள் முன்னதாக வியன்னா செய்த காரியம் போரின் விசித்திரங்களில் முதலிடம் பெறத் தக்கது. பிரான்ஸ் நடுநிலை வகிக்க வேண்டும் என்பதற்காக, வெற்றி பெற்றாலும் வெனேஷியாவை பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனிடம் கொடுத்துவிடுவதாக ஜூன் 12இல் ஆஸ்திரியா ரகசியமாக எழுதிக்கொடுத்தது. எப்படியும் கைமாறப் போகிற அந்த மாகாணத்தைக் காக்க, தன் பத்துக் கோர்களில் (பெரும் படைப்பிரிவுகளில்) மூன்றை இத்தாலிய முனையில் வைத்துக்கொண்டு, மீதி ஏழோடு இன்றைய செக் குடியரசின் மேற்குப் பகுதியான பொஹீமியாவுக்குப் போனது. கௌரவம் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

இரண்டு துப்பாக்கிகள்

ஆஸ்திரிய வீரன் கையில் 1854 மாடல் லோரென்ஸ்: 13.9 மில்லிமீட்டர் குழல், வாய்வழி நிரப்புவது. காகிதத் தோட்டாவைப் பல்லால் கிழி, மருந்தைக் குழலில் கொட்டு, குண்டைப் போடு, கம்பியை உருவிக் கெட்டி, கம்பியைத் திரும்பச் செருகு, சுத்தியலைப் பாதி ஏற்று, சுத்தியல் அடிக்கும் சிறு குமிழில் வெடிக் கேப்பு வை, முழுதும் ஏற்று, குறிபார், சுடு. 1857இல் இந்தியச் சிப்பாய்கள் தொட மறுத்த என்ஃபீல்டு தோட்டாவும் இதே வகைதான். நல்ல பயிற்சி பெற்றவன் நிமிடத்துக்கு இரண்டு முறை சுடலாம். நீளக் குழலில் மேலிருந்து கெட்டிக்க வேண்டியிருப்பதால் நின்றுகொண்டுதான் நிரப்ப வசதி. படுத்துக்கொண்டு செய்வது பெரும்பாடு.

பிரஷ்யனிடம் இருந்தது சோமர்டா ஊரின் யோஹான் நிக்கோலாஸ் ட்ரைஸே வடிவமைத்து, 1841இல் ராணுவம் ஏற்ற ஊசித் துப்பாக்கி. போல்ட் கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்து, தோட்டாவை உள்ளே வைத்து, முன்னால் தள்ளிக் கீழே மடக்கினால் நிரப்பியாயிற்று. நிமிடத்துக்கு நான்கைந்து முறை சுடலாம், அதுவும் மரத்தடியிலோ வாய்க்கால் கரையிலோ படுத்தபடியே. தோட்டா முழுவதும் காகிதம். பின்புறம் கருமருந்து, அதற்கு முன்னால் காகிதக்கூழில் செய்த ஒரு கிண்ணம், கிண்ணத்தின் அடியில் வெடிப்பொட்டு, கிண்ணத்தில் உட்கார்ந்திருப்பது 13.6 மில்லிமீட்டர் ஈயக்குண்டு. குழலோ 15.4 மில்லிமீட்டர். குண்டு குழலைத் தொடுவதே இல்லை. காகிதக்கூழ்க் கிண்ணம்தான் குழலின் உள்வரிகளை (உள்ளே சுருளாக வெட்டிய பள்ளங்களை) பற்றிச் சுழன்று குண்டையும் சுழற்றும். விசையை இழுத்தால் நீண்ட ஊசி மருந்து முழுவதையும் ஊடுருவிப் போய் முன்னே இருக்கும் பொட்டைக் குத்தும்.

கோளாறும் இந்த அமைப்பிலேயே இருந்தது. வெடிக்கும் நேரத்தில் ஊசி எரியும் மருந்துக்கு நடுவே நிற்கிறது. சூட்டிலும் கரியிலும் அரித்து, வளைந்து, ஒடியும். அதனால் வீரனிடம் மாற்று ஊசி இருக்கும், களத்திலேயே மாற்றிக்கொள்வான். அதைவிடப் பெரிய தொல்லை வாயுக் கசிவு. போல்ட்டும் குழலும் சேரும் இடத்தில் ரப்பர் அடைப்பு எதுவும் கிடையாது, இரும்போடு இரும்பு மோதும் இடம் மட்டுமே. தேயத் தேயச் சூடான வாயு பின்பக்கம் சீறி முகத்தில் அடிக்கும். சிலர் குறிபார்க்காமல் இடுப்பில் வைத்தே சுட்டார்கள். கசிவால் குண்டின் வேகமும் குறையும். 300 மீட்டருக்கு அப்பால் லோரென்ஸ்தான் மேல். துல்லியமும் தூரமும் அதற்கே அதிகம்.

அப்படியானால் ஆஸ்திரியன் தூரத்தில் நின்று சுட்டிருக்கலாமே? முடியவில்லை, காரணம் 1859. இத்தாலியில் பிரான்சுடன் நடந்த அந்தப் போரில் இதே லோரென்ஸ் ஆஸ்திரியரிடம் இருந்தது. அதன் குண்டு வில்போல் மேலே எழும்பி இறங்கும். இலக்கு நெருங்க நெருங்க குறிப்பட்டியைத் தாழ்த்தியாக வேண்டும். ஆண்டுக்கு சுமார் 20 தோட்டா மட்டுமே சுட்டுப் பழகிய, பத்து மொழி பேசும் படை அதைச் செய்யவில்லை. குண்டுகள் தலைக்கு மேல் பறக்க, பிரெஞ்சுக்காரர்கள் துப்பாக்கிச்சனியனோடு (குழல்முனைக் கத்தியோடு) ஓடிவந்து குத்தினார்கள். பயிற்சி போதாது என்று படிக்க வேண்டிய பாடத்தை, பாய்ந்து குத்துவதே வெற்றி என்று வியன்னா படித்துவைத்தது. பிரஷ்யாவில் அதே காலத்தில் ஒரு வீரன் ஆண்டுக்கு 100 தோட்டா சுட்டுப் பழகினான். குண்டு வீணாகும், அவசரத்தில் அத்தனையையும் சுட்டுத் தீர்த்துவிடுவான் என்று சொல்லித்தான் மற்ற ராணுவங்கள் பின்வழித் துப்பாக்கியை ஒதுக்கின. பிரஷ்யா அந்தப் பயத்துக்குப் பயிற்சியால் பதில் கண்டது.

1864 டேனிஷ் போரில் இரண்டு படைகளும் ஒரே பக்கம் நின்றன. பிரஷ்யர்கள் எப்படிச் சுடுகிறார்கள் என்று ஆஸ்திரிய அதிகாரிகள் கண்ணாலேயே பார்க்க வாய்ப்பிருந்தது. அந்த ஆண்டு ஜூலை 3இல் லுண்ட்பி என்ற கிராமத்தில் ஒரு டேனிஷ் கம்பெனி நெருக்கமான வரிசையில் ஊசித் துப்பாக்கிகளை நோக்கி ஓடிவந்தது. சில நிமிடங்களில் 30க்கும் மேற்பட்டோர் செத்தார்கள், பிரஷ்யத் தரப்பில் மூவருக்குக் காயம். ஆனால் பிப்ரவரியில் ஓவர்ஸேயில் தளபதி கப்லென்ஸ் தலைமையில் ஆஸ்திரியர்கள் துப்பாக்கிச்சனியனோடு பாய்ந்து வென்றிருந்தார்கள். மனதில் நின்றது ஓவர்ஸே.

ரயிலும் அதன் வரம்பும்

தலைமைப் பணியகத்தின் தலைவர் மோல்ட்கே, பிரஷ்யா தாமதமாகத் திரட்டத் தொடங்கிய குறையை ரயிலால் ஈடுகட்டினார். எல்லை நோக்கிப் பிரஷ்யாவுக்கு ஐந்து தடங்கள்; வியன்னாவிலிருந்து மொரேவியா பக்கம் ஆஸ்திரியாவுக்கு ஒன்றே ஒன்று. 21 நாளில் 1,97,000 ஆட்களும் 55,000 குதிரைகளும் 5,300 வண்டிகளும் ஏற்றி இறக்கப்பட்டன. ஐந்து தடங்களையும் பயன்படுத்தினால் படைகள் ஐந்து இடங்களில்தான் இறங்கும். அதனால் அவை எல்லையில் 400 கிலோமீட்டருக்கு மேல் வில்போல் பரந்து நின்றன. பிரித்துவைத்த படை தனித்தனியே அடிபடும் என்பது அக்காலத் தளபதிகளின் பாலபாடம். பெர்லினிலேயே பலர் முணுமுணுத்தார்கள். மோல்ட்கேயின் விடை: பிரிந்து நட, போர்க்களத்தில் சேர். மேற்கே எல்பே படையும் முதல் படையும், கிழக்கே மலைக்கணவாய்கள் வழியாகப் பட்டத்து இளவரசரின் இரண்டாம் படையும் பொஹீமியாவுக்குள் இறங்கி நடுவில் சந்திக்க வேண்டும்.

ரயிலின் புகழ் இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. எல்லை தாண்டிய பிறகு அது கிட்டத்தட்ட உதவவே இல்லை. தீவனமும் ரொட்டியும் ஏற்றிய வண்டிகளைக் கிடங்கு அதிகாரிகள் கண்மண் தெரியாமல் முன்னே தள்ளினார்கள். கடைசி நிலையத்தில் இறக்க மேடை போதாது, ஆளும் போதாது, எடுத்துச்செல்ல மாட்டுவண்டியும் குதிரைவண்டியும் போதாது. பெட்டிகளே கிடங்காக நின்றதால் பின்னால் வந்தவை அடைபட்டன. ஜூன் கடைசியில் சுமார் 18,000 டன் பொருள் தடங்களில் தேங்கி, ரொட்டி பூசணம் பிடித்தது. பொஹீமியாவுக்குள் போகும் தடங்களையோ தெரேசியன்ஷ்டாட், யோசப்ஷ்டாட், கோனிக்கிராட்ஸ் கோட்டைகள் மறித்துக்கொண்டிருந்தன. முன்னேறிய பிரஷ்யன் கண்ணில் பட்ட உருளைக்கிழங்கையும் கோழியையும் பிடித்துத் தின்றே நடந்தான். போர் இன்னும் இரண்டு மாதம் நீண்டிருந்தால் இந்த அடைப்பே பெரும் செய்தியாகியிருக்கும்.

பொஹீமியாவில் ஒரு வாரம்

ஆஸ்திரிய வடக்குப் படைக்குத் தளபதி லுட்விக் பெனடெக். வட இத்தாலியின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் தெரிந்தவர். பொஹீமியா தெரியாது, அந்தப் பொறுப்பு வேண்டாம் என்று மறுத்தும் பார்த்தார். பிரஷ்யப் படைகள் இரண்டு பக்கமும் பிரிந்து வந்தபோது நடுவில் இருந்தவர் அவர்தான். ஏதாவது ஒன்றின்மீது முழுப் பலத்தோடு விழுந்திருந்தால் மோல்ட்கேயின் திட்டம் சிக்கலாகியிருக்கும். அவர் ஒல்மூட்ஸிலிருந்து யோசப்ஷ்டாட்டுக்கு நகர்ந்து, ஒவ்வொரு கணவாய்க்கும் ஒரு கோரை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தார்.

ஜூன் 27இல் ட்ரவுட்டனௌவில் என்ன நடந்தது என்று பார்த்தால் இந்தப் போர் முழுவதும் விளங்கும். ஓவர்ஸே புகழ் கப்லென்ஸ் தன் 10ஆம் கோரோடு பிரஷ்ய முதல் கோரைத் தாக்கினார். பட்டாலியன்கள் நெருக்கமான பத்திகளாக, பேண்டு முழங்க, மேட்டின்மேல் ஏறின. வயல் வரப்பிலும் காட்டு விளிம்பிலும் படுத்திருந்த பிரஷ்யர்கள் ஆள் தெரியும்வரை காத்திருந்து சுட்டார்கள். மாலையில் பிரஷ்யர்கள் கணவாய்க்குப் பின்வாங்கினர். வடக்கு முனையில் பிரஷ்யர்மீது ஆஸ்திரியா பெற்ற ஒரே குறிப்பிடத்தக்க வெற்றி அது. விலையைப் பாருங்கள்: ஆஸ்திரிய இழப்பு சுமார் 4,800, பிரஷ்ய இழப்பு 1,300க்குச் சற்று மேல். அதே நாள் பக்கத்துக் கணவாயான நாகோதில் ஆஸ்திரியர் தோற்றார்கள். அங்கே 5,700க்கு 1,100. வென்றாலும் தோற்றாலும் ஆள்கணக்கு ஒன்றாகத்தான் வந்தது. மறுநாள் ஸ்காலிட்ஸ், 29இல் கிட்ஷின். ஜூலை 1இல் பெனடெக் பேரரசருக்குத் தந்தி கொடுத்தார்: எப்பாடுபட்டாவது சமாதானம் செய்யுங்கள், படைக்குப் பேரழிவு தவிர்க்க முடியாதது. சமாதானம் இயலாது என்று ஃபிரான்ஸ் யோசஃப் பதில் அனுப்பி, கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: சண்டை நடந்ததா? அந்த வரியைப் பெனடெக் உத்தரவாகவே எடுத்துக்கொண்டார்.

ஜூலை 3, மழை. பிஸ்ட்ரிட்ஸ் ஓடைக்குக் கிழக்கே மேட்டு நிலத்தில் ஆஸ்திரியர்கள், பின்னால் எல்பே ஆறு. இரு தரப்பிலும் சேர்த்து 4 லட்சத்துக்கு மேற்பட்டோர். காலையில் மோதியது பிரஷ்யாவின் மேற்குப் படைகள் மட்டும்தான். இரண்டாம் படைக்கு உத்தரவு சொல்லத் தந்தி இல்லாததால் நள்ளிரவில் குதிரைவீரர்களை அனுப்பினார்கள்; இளவரசரின் முகாமுக்கு அது விடியற்காலை நான்கு மணிக்குச் சேர்ந்தது. அந்தப் படை வந்துசேரும்வரை மேற்குப் படைகள் தாக்குப்பிடிக்க வேண்டும். ஆஸ்திரியப் பீரங்கிகள் அன்று வெளுத்து வாங்கின. அவர்களுடையவை உள்வரி வெட்டிய குழல்கள், முன்பே தூரம் அளந்து அடையாளம் வைத்த களம். பிரஷ்யாவிடமோ புதிய க்ருப் எஃகுப் பீரங்கியும் பழைய வழுவழுக் குழலும் கலந்திருந்தன, அவையும் வரிசையில் கடைசியாக வந்தன.

போரைத் திருப்பிய இடம் ஸ்வீப்வால்ட் என்ற காடு. ஃபிரான்செக்கியின் 7ஆம் டிவிஷன் அதற்குள் நுழைந்தது. ஆஸ்திரிய வலது பக்கம் நின்ற 4ஆம், 2ஆம் கோர்களின் தளபதிகள், தரப்பட்ட இடத்தை விட்டுவிட்டுக் காட்டை மீட்கப் பட்டாலியன் பட்டாலியனாக அனுப்பினார்கள். மரங்களுக்கிடையே பீரங்கிக்கு வேலையில்லை, தூரமும் இல்லை. ஊசித் துப்பாக்கிக்கு ஏற்ற 100 மீட்டர் சண்டை. இரண்டு கோர்களும் அங்கே கரைந்துகொண்டிருந்த நேரத்தில், அவர்கள் காக்க வேண்டிய வடக்குப் பக்கம் திறந்து கிடந்தது. அந்த வழியாகத்தான் பிற்பகலில் இளவரசரின் காவற்படை வந்து, ஆஸ்திரிய மையத்துக்குப் பின்னால் இருந்த க்லும் கிராமத்தைப் பிடித்தது. பெனடெக்குக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. நேரில் பார்க்கக் குதிரையில் போனபோது கிராமத்திலிருந்தே அவர்மீது சுட்டார்கள். மாலைக்குள் ஆஸ்திரிய-சாக்சன் இழப்பு சுமார் 44,000, அதில் பாதி கைதிகள். பிரஷ்யாவுக்குச் சுமார் 9,000. குதிரைப்படையும் கடைசிவரை சுட்ட பீரங்கியாளர்களும் காத்ததால்தான் மீதிப்பேர் எல்பேயைத் தாண்டினார்கள்.

இத்தாலிய முனையில் எல்லாம் நேர்மாறு. ஜூன் 24இல் குஸ்டோஸாவிலும், ஜூலை 20இல் லிஸ்ஸா கடற்போரிலும் ஆஸ்திரியா வென்றது. லிஸ்ஸாவில் டெகட்ஹோஃப் தன் கொடிக்கப்பலாலேயே 'ரே டி'இத்தாலியா' என்ற கவசக் கப்பலை முட்டி மூழ்கடித்தார். அதைப் பார்த்து உலகக் கடற்படைகள் பல ஆண்டுகள் கப்பல் மூக்கில் இரும்புக் கொம்பு வைத்துக் கட்டியது, இந்தப் போர் பெற்ற தவறான பாடங்களில் இன்னொன்று. மேற்கு ஜெர்மனியில் லாங்கன்சால்ஸாவில் ஹனோவர் படை ஜூன் 27இல் ஜெயித்து, இரண்டு நாளில் சுற்றிவளைக்கப்பட்டுச் சரணடைந்தது. லீக்டென்ஷ்டைன் 80 பேரை ஆல்ப்ஸ் கணவாய் ஒன்றைக் காக்க அனுப்பியது. ஒருவரும் சாகாமல் திரும்பினார்கள், 1868இல் ராணுவத்தையே கலைத்துவிட்டது.

நிறுத்தியது யார்

வியன்னா எட்டும் தூரம். அரசர் வில்ஹெல்மும் தளபதிகளும் நகருக்குள் அணிவகுத்துப் போக வேண்டும், ஆஸ்திரியாவிடமும் சாக்சனியிடமும் நிலம் வாங்க வேண்டும் என்றார்கள். ஒரு மாதம் முன்பு போர் வேண்டாம் என்று தயங்கிய அரசரை இப்போது பிடித்து நிறுத்துவது பிஸ்மார்க்கின் வேலையாயிற்று. அவர் கணக்கில் மூன்று விஷயங்கள் இருந்தன. மூன்றாம் நெப்போலியன் ஜூலை 5இலேயே சமரசம் பேச முன்வந்துவிட்டார்; இழுத்தால் ரைன் நதிக்கரையில் பிரெஞ்சுப் படை நிற்கலாம். குஸ்டோஸாவில் வென்ற ஆஸ்திரியத் தெற்குப் படை ரயிலேறி வியன்னாவுக்கு வந்துகொண்டிருந்தது. மூன்றாவது காலரா. இந்தப் போரில் பிரஷ்யா களத்திலும் காயத்தாலும் இழந்தது சுமார் 4,450 பேரை. நோயால் சுமார் 6,400 பேரை. இவற்றுக்கு மேலாக, பிரான்சுடன் அடுத்த கணக்கு வரும்போது ஆஸ்திரியா பழிவாங்கத் துடிக்கும் எதிரியாக இருக்கக் கூடாது என்று அவர் நினைத்தார். பட்டத்து இளவரசர் பிஸ்மார்க்கின் அரசியல் எதிரி. இதில் மட்டும் அவர் பக்கம் நின்று தந்தையை ஒப்புக்கொள்ளவைத்தார். ஜூலை 22இல் பிரஸ்பர்க் (இன்றைய ப்ராட்டிஸ்லாவா) அருகே ப்ளூமனௌவில் பிரஷ்யர்கள் ஆஸ்திரியரைச் சுற்றி வளைத்துக்கொண்டிருந்த நடுவிலேயே நண்பகல் மணி அடித்தது. போர்நிறுத்தப்படி சுடுவதை நிறுத்தினார்கள்.

ஆகஸ்ட் 23 பிராக் உடன்படிக்கையில் ஆஸ்திரியா தன் நிலத்தில் ஒரு முழம்கூடப் பிரஷ்யாவுக்குக் கொடுக்கவில்லை. 4 கோடி தாலர் இழப்பீட்டிலும் கழிவுபோக 2 கோடிதான் கட்டியது. தாராளம் இதோடு சரி. ஹனோவர், ஹெஸ்ஸே-காஸல், நாஸௌ, ஃபிராங்ஃபர்ட், ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் அனைத்தையும் பிரஷ்யா விழுங்கியது. கிழக்கும் மேற்குமாகத் துண்டுபட்டிருந்த நாடு ஒரே நிலமானது. ஃபிராங்ஃபர்ட்டிடம் முதலில் கிட்டத்தட்ட 60 லட்சம் குல்டன் (தென் ஜெர்மன் நாணயம்), பிறகு 2.5 கோடி கேட்டு நெருக்கினார்கள். நகர மேயர் ஃபெல்னர் ஜூலை 24இல் தூக்கிட்டுக்கொண்டார். ஹனோவர் அரசரின் சொத்தை 1868இல் முடக்கி, அதன் வருமானத்தில் பத்திரிகைகளுக்குக் காசு கொடுத்தார் பிஸ்மார்க். வட ஷ்லெஸ்விக் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்துவதாக உடன்படிக்கையின் 5ஆவது பிரிவு சொன்னது. நடத்தவில்லை; 1878இல் அந்தப் பிரிவை ஆஸ்திரியாவின் சம்மதத்தோடு அடித்தேவிட்டார்கள். 1920 வரை காத்திருந்துதான் அந்த மக்கள் வாக்களித்து டென்மார்க்கோடு சேர்ந்தார்கள்.

வெனேஷியா முதலில் பிரான்சின் கைக்குப் போய், அக்டோபரில் இத்தாலிக்கு வந்தது. வாக்கெடுப்பில் எதிர்த்து விழுந்தவை 69.

பெர்லின், வியன்னா, பாரிஸ்

பெர்லினில் தேர்தல் நாளே ஜூலை 3. கோனிக்கிராட்ஸ் செய்தி வருமுன் போட்ட வாக்கிலேயே தாராளவாதிகள் பல இடங்களை இழந்தார்கள். செப்டம்பர் 3இல், நான்கு ஆண்டு சட்டவிரோத வசூலுக்கு மன்னிப்பளிக்கும் மசோதா 230க்கு 75 என்று நிறைவேறியது. வரவுசெலவு சபையின் உரிமை என்று நான்கு ஆண்டு போராடியவர்களில் பாதிப்பேர் வெற்றியைக் கண்டு பக்கம் மாறினார்கள். ஜெர்மனியின் பிற்கால அரசியலுக்கு இந்தப் போரின் மிக மோசமான விளைவு இதுதான் என்று சொல்லலாம். களத்தில் செத்தவர்களின் எண்ணிக்கையைவிட இந்த 230 வாக்குகள் நெடுநாள் வேலை செய்தன. 1867இல் வட ஜெர்மன் கூட்டமைப்பு அமைந்தது. தெற்கு நாடுகள் வெளியே நின்றாலும், பிரான்ஸ் ரைன்கரை நிலம் கேட்ட கதையைக் காட்டிப் பிஸ்மார்க் அவற்றோடு ரகசிய ராணுவக் கூட்டணி போட்டுக்கொண்டார்.

வியன்னாவில் தோல்வி, ஹங்கேரியரோடு சமரசத்தைக் கட்டாயமாக்கியது. 1867 உடன்பாட்டில் ஒரு பேரரசு இரண்டானது: இரண்டு நாடாளுமன்றம், இரண்டு அமைச்சரவை, பொதுவாக வெளியுறவும் போரும் அவற்றுக்கான நிதியும் மட்டும். சுங்கமும் செலவுப் பங்கும் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். ஒவ்வொரு பத்தாம் ஆண்டும் பேரம், நெருக்கடி. செக் மக்களும் குரோஷியரும் மற்ற ஸ்லாவியரும் தமக்கும் அதே உரிமை கேட்டுக் கிடைக்காமல் போனார்கள். ஜெர்மனியிலும் இத்தாலியிலும் இடமில்லாத பேரரசுக்கு விரிவடைய மீதியிருந்த திசை பால்கன்தான். 1878இல் போஸ்னியாவுக்குள் போனது.

பாரிஸில் நடுநிலைக்குக் கூலியாக ரைன்கரை நிலம் கேட்டு மறுக்கப்பட்டார்கள். 1867இல் லக்சம்பர்க்கும் கிடைக்கவில்லை. ஆயுத விஷயத்தில் பிரான்ஸ் உடனே விழித்தது. 1866 ஆகஸ்டிலேயே ஷாஸ்போ துப்பாக்கியை ஏற்றது: இதுவும் ஊசிதான், ஆனால் போல்ட்டில் ரப்பர் வளையம் வைத்து வாயுக் கசிவை அடைத்தார்கள், தூரம் ட்ரைஸேயைப்போல் இரண்டு மடங்கு. ஆஸ்திரியாவும் லோரென்ஸுகளைப் பின்வழியாக மாற்றி, 1867இல் வெர்ன்டல் துப்பாக்கியை ஏற்று, 1868இல் எல்லாருக்கும் கட்டாயச் சேவை கொண்டுவந்தது. தோற்றவர்கள் துப்பாக்கியைக் கற்றார்கள். வென்ற பிரஷ்யா, தன்னை உறுத்திய வேறு இரண்டு குறைகளை எடுத்துக்கொண்டது: பழைய வழுவழுப் பீரங்கிகளைத் தூக்கிவிட்டு முழுக்க க்ருப் எஃகுக்கு மாறிற்று; ரயில் தடங்களுக்கு ராணுவ அதிகாரியும் ரயில்வே அதிகாரியும் சேர்ந்த ஆணையங்களை வைத்தது. 1870இல் ஷாஸ்போவிடம் பிரஷ்யக் காலாட்படை கடுமையாக அடிவாங்கியபோதும் பீரங்கிதான் சண்டைகளை வென்றுகொடுத்தது. தடங்களில் தேக்கம் அப்போதும் முழுதாகத் தீரவில்லை.

அந்த 1870 ஜூலையில் வியன்னாவில் வெளியுறவுப் பொறுப்பில் இருந்தவர் ஃபிரெடரிக் ஃபான் பெய்ஸ்ட். 1866இல் சாக்சனியின் அமைச்சராக பிரஷ்யாவிடம் தோற்று, ஆஸ்திரியச் சேவைக்கு வந்தவர். பழிதீர்க்க அவரைவிட ஆசைப்பட்டவர் குறைவு. 18ஆம் தேதி அரச ஆலோசனைக் கூட்டத்தில் பிரான்சோடு சேர்வதா என்று விவாதித்தார்கள். ஜெர்மனிக்குள் பழைய இடத்தை மீட்கும் போரில் ஹங்கேரிக்கு அக்கறை இல்லை என்று அதன் பிரதமர் ஆண்ட்ராசி எதிர்த்தார். ரஷ்யா அசைந்தால் என்ன செய்வது, படை முழுதாகத் தயாராக எத்தனை வாரம் ஆகும் என்ற கேள்விகளும் எழுந்தன. ஆயுதம் தாங்கிய நடுநிலை என்று முடிவானது. ஆறு வாரம் கழித்து, செப்டம்பர் 2இல், மூன்றாம் நெப்போலியன் செடானில் கைதியானார்.